கலர் பிரிண்ட் கெட்டால் முதலில் ஓரத்தைப் பாருங்கள்: வீட்டு இருட்டறைக்கான பிழை நீக்கும் வழிமுறை

வேலூர் சத்துவாச்சாரியில், முன்பு துணி துவைக்கப் பயன்பட்ட ஆறடிக்கு எட்டடி மாடி அறைதான் என் இருட்டறை. கருப்பு வெள்ளை நன்றாகப் போடத் தெரிந்தவர்கள்கூடக் கலருக்கு வரும்போது தடுமாறுகிறார்கள். ஆரணியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் தம்பிமார்கள் பிரிண்டைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். "இன்னாண்ணா இது, எவ்ளோ பில்டர் மாத்துனாலும் பச்சை அடிக்குது." பல நேரம் பில்டரில் தவறே இருக்காது. நான்கு மணி நேரம் பில்டரைத் திருகி, ஒரு பெட்டிப் பேப்பரில் பாதியைத் தீர்த்த பிறகுதான் வந்திருப்பார்கள். அந்தப் பேப்பர் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது ஆர்ஏ-4 முறைக்கு, அதாவது கலர் நெகட்டிவிலிருந்து பேப்பரில் பிரிண்ட் போடும் ரசாயன முறைக்கு. கலர் நெகட்டிவ், கலர் ஹெட் (நிறப் பில்டர்கள் உள்ள விளக்குத் தலை) பொருத்திய என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி), கலர் பேப்பர், அப்புறம் டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் கரைசல்), ஸ்டாப் (டெவலப்பர் வேலையை நிறுத்தும் கரைசல்), பிளிக்ஸ், தண்ணீர். பிளிக்ஸ் என்பது பிளீச்சும் பிக்ஸரும் ஒன்றாய்க் கலந்த கரைசல், பேப்பரில் உள்ள வெள்ளியை நீக்கி நிறத்தை மட்டும் விட்டுவைப்பது.

எந்தக் கோளாறுக்கும் முன்னால் இரண்டு வேலை

முதல் வேலை, பிரிண்டின் ஓரத்தைப் பார்ப்பது. ஈஸலின் (பேப்பரைப் பிடித்து வைக்கும் சட்டம்) தகடு மறைத்த அந்தக் கால் அங்குலப் பட்டையில் என்லார்ஜர் வெளிச்சம் படவே இல்லை. அது வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் தவறு வெளிச்சத்திலோ, பில்டரிலோ, நெகட்டிவிலோ இருக்கிறது. ஓரமே நிறம் ஏறியிருந்தால் தவறு பேப்பரிலோ, கரைசலிலோ, அறையின் இருட்டிலோ இருக்கிறது. அப்போது பில்டரை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. இந்த ஒரு பார்வையில் தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது வேலை, ஒரு அளவு நெகட்டிவ் வைத்துக்கொள்வது. என்னுடையது வேலூர்க் கோட்டை மதில். காலை பத்து மணி வெளிச்சத்தில் கருங்கல், அதன் முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட நண்பர். கருங்கல்லின் சாம்பல் நிறத்தைப் போல நிறச் சாய்வைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. முகம் ஏமாற்றும், வானம் ஏமாற்றும், கல் ஏமாற்றாது. அகழித் தண்ணீர் படத்துக்குள் வராமல் எடுங்கள், அதன் பச்சை கல்லின் மேல் ஏறும். இந்த நெகட்டிவை ஒருமுறை சரியாகப் பிரிண்ட் போட்டு, பின்புறம் பென்சிலில் பில்டர் எண், வினாடி, லென்ஸ் துளை, கரைசலின் வெப்பம், தேதி எல்லாம் எழுதி வையுங்கள். புதுப் பெட்டி பிரித்தாலும், புது டெவலப்பர் கலக்கினாலும், குழப்பம் வந்தாலும் முதலில் இதைப் போடுங்கள். மதில் சரியாக வந்து உங்கள் படம் மட்டும் கெட்டால் கோளாறு அந்த நெகட்டிவில். மதிலும் கெட்டால் கீழே படியுங்கள்.

அறிகுறி 1: ஓரம் வெள்ளை, ஆனால் படம் முழுக்க ஒரே நிறம் அடிக்கிறது

ஈரமாகப் பார்த்தீர்களா?

கலர் பிரிண்ட் ஈரத்தில் நீலம் பாய்ந்து தெரியும். காய்ந்ததும் அது போய்விடும். ஈரத்தில் பார்த்துப் பில்டர் மாற்றினால் அடுத்த பிரிண்ட் எதிர்ப்பக்கம் சாயும், அதைத் திருத்த இன்னொன்று, இப்படியே போகும். டெஸ்ட் ஸ்ட்ரிப்பை (சோதனைக்குப் போடும் பேப்பர் துண்டு) துணியால் ஒற்றி, தலை உலர்த்தும் டிரையரில் ஒரு நிமிடம் காட்டிவிட்டுப் பாருங்கள்.

எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்?

மலிவான எல்இடி பல்பின் கீழே பிரிண்ட்டை மதிப்பிட முடியாது. பகலில் வராந்தா நிழலில் பாருங்கள். ஆனால் எதிர்ச் சுவரையும் கவனியுங்கள். என் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு பொங்கலுக்கு ரோஸ் பெயிண்ட் அடித்தார்கள். இரண்டு வாரம் என் பிரிண்ட் எல்லாம் மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) அடிப்பதாக நினைத்து மெஜந்தா பில்டரைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒருநாள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் பச்சையாக இருந்தது. இரவில் வேலை செய்பவர்கள் நிறத்தை நன்றாகக் காட்டும் ஒரு பல்பை வாங்கி, எப்போதும் அதன் கீழேயே பாருங்கள். பல்பை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் தவறு.

எந்த நிறம் என்று உறுதியாகத் தெரியுமா?

சிவப்பையும் மெஜந்தாவையும் குழப்பிக்கொள்வது எல்லாருக்கும் நடக்கும். நீலமும் சயானும் (நீலப்பச்சை) அப்படியே. முகத்தைப் பார்க்காமல் கல்லைப் பாருங்கள். கூடவே நன்றாக வந்த பழைய மதில் பிரிண்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் கண் எதற்கும் பழகிவிடும், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உடனே தெரியும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பில்டர்

பிரிண்ட்டில் எந்த நிறம் அதிகமோ, அதே நிறப் பில்டரைக் கூட்டுங்கள். ஆரம்பத்தில் தலைகீழாகத் தோன்றும், ஆனால் நெகட்டிவ் வேலையில் இதுதான் சரி. மஞ்சள் அடித்தால் யெல்லோ கூட்டு. மெஜந்தா அடித்தால் மெஜந்தா கூட்டு. சிவப்பு அடித்தால் இரண்டையும் கூட்டு. பச்சை அடித்தால் மெஜந்தாவைக் குறை. நீலம் அடித்தால் யெல்லோவைக் குறை. சயான் அடித்தால் இரண்டையும் குறை. சயான் பில்டர் எப்போதும் பூஜ்யத்தில் கிடக்கட்டும். மூன்றையும் போட்டால் நிறம் திருந்தாது, வெளிச்சம்தான் குறையும்.

எவ்வளவு கூட்டுவது? கண்ணுக்குச் சந்தேகமாகத் தெரிந்தால் 5. தெளிவாகத் தெரிந்தால் 10. பார்த்ததும் முகம் சுளித்தால் 20. பயந்து பயந்து 2, 3 என்று நகர்ந்தால் பேப்பர்தான் தீரும். வேண்டுமென்றே தாண்டிப் போய்த் திரும்பி வருவதே சீக்கிரம் முடியும். மெஜந்தாவைக் கூட்டினால் வெளிச்சம் குறையும், அதனால் எக்ஸ்போஷரை (பேப்பரில் வெளிச்சம் காட்டும் நேரம்) கொஞ்சம் கூட்ட வேண்டும். யெல்லோவுக்கு அது அநேகமாகத் தேவைப்படாது. இன்னொன்று, நண்பருடைய என்லார்ஜரில் வந்த எண் உங்களுக்கு உதவாது. ஒவ்வொரு கம்பெனி ஹெட்டிலும் அளவு வேறு.

பில்டர் பூஜ்யத்துக்கு வந்தும் தீரவில்லை என்றால்

பல்பைப் பாருங்கள். ஹாலஜன் கிடைக்கவில்லை என்று வெள்ளை எல்இடியைப் பொருத்தியிருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் கல்லைச் சரிசெய்தால் தோல் கெடும், தோலைச் சரிசெய்தால் புடவை கெடும். அதே வோல்ட், அதே வாட்ஸ் ஹாலஜனைத் தேடிப் போடுங்கள். விரல் படாமல் துணியால் பிடியுங்கள். ஹாலஜன்தான் இருக்கிறது, பழையதாகி உள்ளே கறுத்திருக்கிறது என்றாலும் மாற்றுங்கள். புது ஹாலஜனிலும் நிறம் திருந்தவில்லை, பில்டர் குமிழைத் திருப்பினால் வெளிச்சத்தின் நிறமே மாறவில்லை என்றால், ஹெட்டுக்குள் பில்டர் கண்ணாடி கழன்றிருக்கிறது. அது மெல்லிய பூச்சுள்ள கண்ணாடி, கீறினால் போயிற்று. அதை நீங்கள் திறக்காமல் பழைய லேப் மெஷின்களைப் பழுது பார்த்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

அறிகுறி 2: ஓரமே வெள்ளையாக இல்லை

இதற்கு ஊகமே வேண்டாம், துண்டுச் சோதனை போதும். ஒரு தாளை இருட்டில் நான்கு துண்டாகக் கத்தரியுங்கள். இரவில் செய்வது நல்லது.

முதல் துண்டை டெவலப்பரில் காட்டாமல் நேராகப் பிளிக்ஸில் போட்டுக் கழுவுங்கள். டெவலப்பரே படாததால் அதில் நிறம் உண்டாக வழியில்லை. அதுவும் வெள்ளையாக வரவில்லை என்றால் பிளிக்ஸ் கறைபடுத்துகிறது, கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

இரண்டாவது துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் டெவலப்பர், ஸ்டாப், பிளிக்ஸ் என்று முழுவதும் செய்யுங்கள். அது நிறம் ஏறி வந்தால் டெவலப்பர் அல்லது பேப்பர். நூறு மில்லி புது டெவலப்பர் மட்டும் கலந்து மறுபடி பாருங்கள். இப்போது வெள்ளை என்றால் பழைய டெவலப்பரில் பிளிக்ஸ் கலந்திருக்கிறது, அல்லது அது அளவுக்கு மேல் சூடாக இருந்திருக்கிறது. டெவலப்பரில் பிளிக்ஸ் சில சொட்டு விழுந்தாலே கெட்டுவிடும். டெவலப்பருக்கு ஒரு இடுக்கி, பிளிக்ஸுக்கு வேறு நிற இடுக்கி, இரண்டும் ஒருபோதும் இடம் மாறக்கூடாது. புது டெவலப்பரிலும் நிறம் வந்தால் பேப்பர்தான். பெட்டியின் தேதியைப் பாருங்கள். தேதி சரியாக இருந்தாலும், கத்திரி வெயிலில் கூரியர் வண்டியில் ஒரு பகல் கிடந்த பேப்பர் கெட்டிருக்கும். நான் ஏப்ரல், மே மாதங்களில் பேப்பர் வரவழைப்பதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பாலித்தீன் உறையில் சுற்றிப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். பிரிண்ட் போடும் அன்று காலையிலேயே வெளியே எடுத்து, மாலையில்தான் பெட்டியைப் பிரிப்பேன். குளிர்ந்த பேப்பரை உடனே பிரித்தால் மேலே நீர் பூக்கும்.

மூன்றாவது துண்டு அறையைச் சோதிக்க. விளக்கு எதுவும் இல்லாமல் ஈஸல்மேல் வைத்து, நடுவில் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை வைத்து, ஐந்து நிமிடம் விட்டுவிட்டு டெவலப் செய்யுங்கள். காசு இருந்த வட்டம் வெள்ளையாகவும் சுற்றிலும் நிறமாகவும் வந்தால் அறையில் வெளிச்சம் கசிகிறது. நான்காவது துண்டையும் அப்படியே, ஆனால் என்லார்ஜர் விளக்கைப் போட்டு லென்ஸை மூடி வைத்துப் பாருங்கள். இதில் மட்டும் நிறம் வந்தால் கசிவு என்லார்ஜர் தலையிலிருந்து. மேலே கறுப்புத் துணி போர்த்துங்கள், ஆனால் காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள்.

எங்கிருந்து கசிகிறது என்பதை அந்த நிறமே சொல்லும். சயான் என்றால் சிவப்பு வெளிச்சம்: இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், பிளக் பாயிண்ட் ஆகியவற்றின் சிவப்பு விளக்கு. மெஜந்தா என்றால் பச்சை வெளிச்சம். மஞ்சள் என்றால் நீலம். பகல் வெளிச்சம் லேசாகக் கசிந்தால் மஞ்சளும் சிவப்புமாகப் படியும், ஏனென்றால் கலர் நெகட்டிவின் ஆரஞ்சு வழியாக வரும் வெளிச்சத்துக்கென்றே இந்தப் பேப்பரைச் செய்கிறார்கள்.

குடியாத்தத்துத் தம்பி ஒருவருடைய பிரிண்ட்களில் எப்போதும் இடதுபக்கக் கீழ்மூலையில் மட்டும் மெஜந்தா படியும். அவர் அறையில் இருட்டாக்கிவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். கதவிடுக்கில் ஒன்றுமில்லை, எக்ஸாஸ்ட் துளையிலும் ஒன்றுமில்லை. "தம்பி, பேப்பரை எப்பவும் போல எடுத்து வையுங்க" என்றேன். அவர் இடது கையை நீட்டிப் பேப்பரின் மூலையைப் பிடித்தபோது, மணிக்கட்டில் கட்டியிருந்த பேண்டின் அடியிலிருந்து பச்சை வெளிச்சம் ஒரு நூல் அளவுக்குத் தாளில் விழுந்தது. நாடித்துடிப்பு பார்க்கும் விளக்கு. நாங்கள் இருவரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதைக் கழற்றி வைத்த நாளிலிருந்து அந்த மூலை வெள்ளை.

அதனால் வாட்ச், பேண்ட், போன் எல்லாம் அறைக்கு வெளியே. கருப்பு வெள்ளைக்கு வைத்த சிவப்பு விளக்கைக் கலரில் போடவே கூடாது. மங்கலான ஆம்பர் விளக்கு போடலாம் என்பார்கள், நான் முழு இருட்டிலேயே பழகச் சொல்வேன். ஒரு வாரத்தில் கைக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

அறிகுறி 3: நேற்று சரியாக வந்தது, இன்று வரவில்லை

எண் மாறவில்லை, பேப்பர் மாறவில்லை, ஆனாலும் பிரிண்ட் வெளிறிச் சயான் பக்கம் சாய்கிறது. நம் ஊரில் இதற்கு முதல் காரணம் வோல்டேஜ்.

ஹாலஜனுக்கு வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் குறைவது மட்டுமில்லை, சிவக்கவும் செய்யும். சிவப்பு அதிகமானால் பேப்பரில் சயான் அதிகமாகும். என் வீட்டுப் பின்புறம் ஒரு போர்வெல் மோட்டார் இருக்கிறது. மாலை ஆறரைக்கு அது ஓடத் தொடங்கும். மல்டிமீட்டரைப் பிளக்கில் செருகி வைத்துக்கொண்டு ஒருநாள் உட்கார்ந்தேன். மோட்டார் உறுமியதும் 226-இல் இருந்த எண் 190-க்கும் கீழே இறங்கி, தடுமாறி, 196-இல் நின்றது. அதே வினாடியில் போட்ட இரண்டு மதில் பிரிண்ட்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் கருங்கல், இன்னொன்றில் வெளிறிய நீலப்பச்சைக் கல்.

செலவில்லாத வழி, இரவு பத்துக்கு மேல் வேலை செய்வது. அடுத்தது, பிரிட்ஜும் ஏசியும் ஓடாத தனி லைனில் என்லார்ஜரைப் போடுவது. அதற்கும் மேலே ஸ்டெபிலைசர். டிவிக்கு வைக்கும் 'டக் டக்' என்று தட்டும் வகையை வாங்காதீர்கள். எக்ஸ்போஷர் நடுவில் அது தட்டினால் வோல்டேஜ் படி தாண்டிவிடும். சர்வோ வகைதான் இதற்கு ஏற்றது, விலை கூடத்தான். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் பிரிண்ட் போடாதீர்கள். அன்றைக்கு அவ்வளவுதான் என்று பேப்பரை மூடி வையுங்கள்.

எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டிய கட்டம் இரண்டு. வீட்டில் ஒரு பக்கம் விளக்கு மங்கும்போது இன்னொரு பக்கம் பளிச்சென்று எரிந்தால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது, உடனே மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். என்லார்ஜர் கம்பத்தைத் தொட்டால் சுரீர் என்றால் எர்த் இல்லை. ஈரக்கையோடு வேலை செய்யும் அறை இது, அன்று அதைத் தொடவே வேண்டாம்.

வோல்டேஜ் சரி என்றால் வெப்பம். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதில் டெவலப்பரைக் கலந்துவிட்டு, எங்கோ படித்ததை நம்பி இரண்டு நிமிடம் விட்டால் ஓரமெல்லாம் மங்கும். மார்கழி விடியற்காலையில் அதே டிரே 20 டிகிரிக்கு வந்துவிடும். நான் வைக்கும் நேரம்: 20 முதல் 24 டிகிரி வரை இரண்டு நிமிடம், 30-இல் ஒரு நிமிடத்துக்குச் சற்று கூட, 35-இல் 45 வினாடி. உங்கள் பாட்டிலோடு வந்த தாளில் வேறு நேரம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எந்த வெப்பமாக இருந்தாலும் சரி, அன்று முழுவதும் அது மாறக்கூடாது. கோடையில் டிரேயை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் வைத்து, மண்பானைத் தண்ணீரைச் சுற்றி ஊற்றி வைப்பேன். ஐஸ் போட்டால் ஒரேயடியாக இறங்கிவிடும், பானைத் தண்ணீர் நிதானமாக இறக்கும்.

இன்னும் ஒன்று. எக்ஸ்போஷர் மூன்று நான்கு வினாடிக்குள் முடிந்தால் பல்பு சூடேறும் நேரமே கணக்கைக் கெடுக்கும். லென்ஸ் துளையைச் சுருக்கி, எட்டிலிருந்து பதினைந்து வினாடிக்குள் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 4: நிறம் மந்தம், கறுப்பு கறுப்பாக இல்லை

இரண்டு காரணம், இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். பிரித்தறிவது சுலபம். கெட்ட பிரிண்டையே விளக்கு வெளிச்சத்தில் புதிதாகக் கலந்த பிளிக்ஸில் இரண்டு நிமிடம் போட்டு அசையுங்கள். கண்முன்னாலேயே நிறம் தெளிந்தால், பேப்பரில் வெள்ளி தங்கியிருந்தது, உங்கள் பழைய பிளிக்ஸ் தீர்ந்துவிட்டது. அதில் போட்ட பிரிண்ட்கள் எல்லாவற்றையும் இப்படியே மீட்கலாம், தூக்கி எறியாதீர்கள்.

தெளியவில்லை என்றால் டெவலப்பர் வலுவிழந்திருக்கிறது. கறுப்பில் நீலம் பாய்ந்திருக்கும், ஏனென்றால் பேப்பரின் அடியடுக்குதான் மஞ்சள், அதுவரை டெவலப்பர் போய் வேலை செய்யவில்லை. பாட்டிலைப் பாருங்கள். டீ நிறத்துக்கு வந்திருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். பாதி பாட்டிலில் காற்றோடு வைத்தால் நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரம் கருக்கும். சின்னச் சின்ன பாட்டிலில் வாய்வரை நிரப்பி வையுங்கள். ஒரு லிட்டரில் எட்டுக்குப் பத்து அளவில் பத்துப் பன்னிரண்டு பிரிண்ட்டுக்கு மேல் நான் போடுவதில்லை. நீங்களும் பாட்டிலில் கோடு போட்டு எண்ணுங்கள்.

கலக்கும் தண்ணீரும் முக்கியம். வேலூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீர் கடினமானது. ஆர்ஓ தண்ணீரிலோ, பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு தண்ணீரிலோ கலக்குங்கள். கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும், கடைசி ஒரு முக்கு மட்டும் டிஸ்டில்டில் போட்டால் காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளி விழாது.

தீர்ந்த பிளிக்ஸைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் வெள்ளி இருக்கிறது. பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வந்த ஊர் இது. நம் பங்குக்கு ஒரு குடம் ஊற்றக் கூடாது. கேனில் சேர்த்து வையுங்கள். எக்ஸ்ரே லேபில் தீர்ந்த ஹைப்போவிலிருந்து (பிக்ஸர்) வெள்ளி எடுப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அறிகுறி 5: கோடு, திட்டு, ஒருபக்கம் வெளிறல்

இளஞ்சிவப்புக் கோடுகளா? டெவலப்பர் ஒட்டிக்கொண்டே பிளிக்ஸுக்குப் போயிருக்கிறது. ஸ்டாப் பாத் தேவையில்லை என்று விட்டவர்களுக்குத்தான் இது வரும். மளிகைக் கடை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றரைப் பங்கு, அதுவே ஸ்டாப். டெவலப்பரிலிருந்து எடுத்துப் பத்து வினாடி சொட்டவிட்டு அதில் முக்குங்கள்.

ஒருபக்கம் மட்டும் வெளிறியதா? தரையைப் பாருங்கள். நம் வீடுகளில் குளியலறைத் தரை தண்ணீர் வடிவதற்காகச் சாய்த்தே கட்டியிருப்பார்கள். டிரம்மோ (பேப்பரை உள்ளே போட்டு டெவலப் செய்யும் மூடிய உருளை) டிரேயோ அந்தச் சாய்வில் நின்றால் டெவலப்பர் ஒருபக்கம் தேங்கும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். தட்டையான தாம்பாளத்தில் ஒரு விரல் அளவு தண்ணீர் ஊற்றி வைத்தால் எந்தப் பக்கம் சாய்வு என்று தெரிந்துவிடும். பிளைவுட் பலகைக்கு அடியில் ஓட்டுச் சில்லை முட்டுக்கொடுத்து நேராக்குங்கள். எனக்கு இந்தக் கோளாறு பிடிபட மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை டெவலப்பரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அலை அலையான திட்டு என்றால் பேப்பர் டெவலப்பருக்குள் தயங்கித் தயங்கி இறங்கியிருக்கிறது. ஒரே வீச்சில் உள்ளே தள்ளி, முதல் பத்து வினாடி விடாமல் அசையுங்கள். படமே மங்கலாக, இடவலம் மாறி வந்தால் பேப்பரைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறீர்கள். இருட்டில் மூலையை ஈர உதட்டில் வைத்துப் பாருங்கள், ஒட்டும் பக்கம்தான் மேல்பக்கம்.

அறிகுறி 6: வெள்ளைச் சட்டையில் ஒரு நிறம், நிழலில் அதற்கு எதிர் நிறம்

சட்டையைச் சரிசெய்தால் தலைமுடி பச்சையாகும், முடியைச் சரிசெய்தால் சட்டை ரோஸாகும். இது பில்டரால் தீரவே தீராது. இதில் மட்டும் பிடிவாதம் வேண்டாம்.

மதில் நெகட்டிவைப் போடுங்கள். அதிலும் இப்படியே வந்தால் புது டெவலப்பர், பிறகு புதுப் பேப்பர். மதில் சரியாக வந்தால் கோளாறு பிலிமில். தேதி போன பிலிம், வெயிலில் காரில் கிடந்த பிலிம், அல்லது லேபில் பிலிம் கழுவிய கரைசல் சரியில்லை. கலர் பிலிமை 38 டிகிரியில் மூன்றே கால் நிமிடம் டெவலப் செய்ய வேண்டும், நாளுக்கு ஓரிரண்டு ரோல் மட்டுமே வரும் இடத்தில் அந்தக் கரைசல் சோர்ந்துவிடும். அடுத்த ரோலை வேறு லேபில் கொடுத்து ஒப்பிடுங்கள். கெட்ட நெகட்டிவில் இருப்பது திரும்ப எடுக்க முடியாத படம், ஒரு கல்யாணமோ இறந்துபோன தாத்தாவோ என்றால், அதை இருட்டறையில் போராடாமல் நல்ல ஸ்கேன் எடுப்பவரிடம் கொடுங்கள். கணினியில் நிழலையும் வெளிச்சத்தையும் தனித்தனியாகத் திருத்த முடியும்.

அறிகுறி 7: புள்ளி, வளையம், தெளிவின்மை

வெள்ளைப் புள்ளியும் முடி போன்ற கோடும் நெகட்டிவ் மேலுள்ள தூசு. தரையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, அரைமணி கழித்து வேலையைத் தொடங்குங்கள். கறுப்புப் புள்ளி என்றால் கேமராவுக்குள்ளேயே பிலிமில் தூசு ஒட்டியிருந்தது, இனி நெகட்டிவைத் துடைத்துப் பயனில்லை.

வானவில் போன்ற வளையங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும். காற்றில் ஈரம், நெகட்டிவ் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடி இல்லாத கேரியருக்கு (நெகட்டிவைப் பிடிக்கும் சட்டம்) மாறுங்கள்.

தொடக்கத்தில் போகஸ் சரி, பிரிண்ட்டில் இல்லை என்றால் சூட்டில் நெகட்டிவ் வளைகிறது. விளக்கை ஒரு நிமிடம் எரியவிட்டு, பிறகு போகஸ் செய்யுங்கள். கீழ்வீட்டில் கிரைண்டர் ஓடினாலும் கலங்கும். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே சிலந்தி வலை போலத் தெரிகிறதா, அது பூஞ்சை. லென்ஸை நீங்களே கழற்றாதீர்கள், கேமரா மெக்கானிக் வேலை அது.

அறிகுறி 8: கை அரிக்கிறது, மூச்சு முட்டுகிறது

கலர் டெவலப்பர் சிலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும். இன்று இல்லாவிட்டாலும் ஆறு மாதம் கழித்து வரலாம், வந்துவிட்டால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வரும். நைட்ரைல் கையுறையோடு மட்டும் தொடுங்கள். எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் பிளிக்ஸ் டிரேயைத் திறந்து வைக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் டிரேயை விட்டு மூடிய டிரம்மில் செய்யுங்கள். விரலிடுக்கில் சிவந்து கொப்பளம் வந்தால் களிம்பு தடவிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். டெவலப்பர் பாட்டிலின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். என்ன ரசாயனம் என்று தெரிந்தால்தான் அவரால் சரியாக மருந்து சொல்ல முடியும்.